ஆட்டுக்கொல்லி நோய்: ஒரு ஆடு விடாம ஊசி போடணும்



குழுக் கடன்ல நம்மில் நிறையப் பேர் வாங்குறது ஆடுதான். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கன்னி ஆடும் வேம்பூர் செம்மறியும் வளர்க்கிறோம். கடற்கரை ஊர்களிலும், கடலுக்குப் போகாத நாளில் கைகொடுக்கிறது வீட்டில் கட்டியிருக்கிற ரெண்டு ஆடுதான். ஆடு செத்தாலும் தவணை நிற்காது.

மந்தையையே காலி பண்ணக்கூடியது ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதன்முதலா 1987-ல் கண்டறியப்பட்டது நம்ம தமிழ்நாட்டில்தான், விழுப்புரம் பக்கம் அரசூர் கிராமத்தில். கடும் காய்ச்சல், கண்ணிலயும் மூக்கிலயும் சளி, வாய்ப்புண், நாத்தமடிக்கிற கழிச்சல், மூச்சுத்திணறல் இதெல்லாம் அடையாளம். இது வைரஸ் நோய். வந்த பிறகு கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. மனிதருக்குத் தொற்றாது.

ஆனா நம்ம பிள்ளைகளுக்கு வர்ற தட்டம்மைக் கிருமியும் இதுவும் ஒரே குடும்பம். முன்னாடி மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் அதே குடும்பம்தான். அந்த வெக்கையை ஊசி போட்டே ஒழிச்சு, 2011-ல் உலகத்திலேயே இல்லைன்னு அறிவிச்சாங்க. ஆட்டுக்கொல்லிக்கு 2030-ஐ இலக்கா வச்சிருக்காங்க. பிள்ளைக்கு 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ஊசி, 16 மாசத்துக்கு மேல ரெண்டாவது ஊசின்னு அட்டையைப் பார்த்துப் போடுற நாம, ஆட்டுக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறோமே?

மூணு மாசம் தாண்டிய குட்டிக்குப் போட்டால் சுமார் 3 வருஷம் பாதுகாப்பு. "போன வருஷம்தான் போட்டோமே" என்று சிலர் சொல்வாங்க. அது துள்ளுமாரி ஊசியா இருக்கும். அது வேற நோய், மழைக்கு முன்னாடி வருஷாவருஷம் போடுறது. எந்த ஊசி என்று கேட்டு, தேதியோட குழு நோட்டில் எழுதி வையுங்க.

மருந்து ஐஸில் இருக்கணும், கலக்கினதும் சீக்கிரம் போட்டு முடிக்கணும். அதனால கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி, எல்லா வீட்டு ஆட்டையும் வெயில் ஏறுமுன் ஒரே இடத்தில் கட்டுங்க. குழுவில் இல்லாத வீட்டு ஆட்டையும் சேர்த்துக்கோங்க, மேய்ச்சல்ல எல்லாம் ஒண்ணாத்தானே திரியுது!

எட்டயபுரம் சந்தையில் வாங்கின ஆட்டை அன்னைக்கே மந்தையில் விடாதீங்க. மூணு வாரம் தனியாக் கட்டி, தனியாத் தண்ணி காட்டுங்க. நோய் கண்ட ஆட்டையும் உடனே பிரிச்சு மருந்தகத்துக்குச் சொல்லுங்க, 1962-க்கும் போன் பண்ணலாம். செத்ததை ஓடையில் எறியாம, ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.