இக்ரா பாசிட்டிவ் என்றால்?



"நான்கு வயதுக் குழந்தைக்கு இக்ரா பாசிட்டிவ். அப்படியென்றால் டி.பி.தானே சார்?" என்று கேட்டிருக்கிறாய், தம்பி. இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதுமே பெற்றோரிடம் 'ரத்தத்தில் டி.பி. இருக்கு' என்று சொல்லி அனுப்பும் வழக்கம் உனக்கும் தொற்றிக்கொண்டதோ என்றுதான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

இக்ரா (IGRA) என்ற அந்த ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு கிருமிப் புரதங்களை டி செல்களுக்குக் காட்டி, ஓர் இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து, இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறதா என்று பார்க்கிறோம். பழைய பகையாளியைக் கண்டால் முகம் சிவப்பது மாதிரி. பகை எப்போது மூண்டது, பகையாளி இன்று வீட்டுக்குள் இருக்கிறானா என்பதெல்லாம் அந்தச் சிவப்பிலிருந்து தெரியாது.

தொற்றையும் நோயையும் ஒன்றாக நினைக்கும் இந்தக் குழப்பம் பழையது. 1890-இல் ராபர்ட் கோக் டியூபர்குலினை மருந்து என்று அறிவித்தபோது ஐரோப்பாவே பெர்லினுக்கு ஓடியது. ஓடியவர்களில் ஆர்தர் கோனன் டாயிலும் ஒருவர். ஆம், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே டாக்டர். விரிவுரை அரங்கில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொருவரின் குறிப்பை வாங்கிப் படித்து, வார்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஆரவாரத்தை நம்பாதீர்கள் என்று எழுதினார். துப்பறியும் கதைகளைவிட எனக்கு அவருடைய அந்தப் பயணம்தான் பிடிக்கும். மருந்தாகத் தோற்ற அந்த டியூபர்குலினை 1907-இல் வியன்னாவில் பிர்கே குழந்தைகளின் தோலில் கீறிப் பார்த்தார். நோய்க்குறி எதுவுமில்லாத பிள்ளைகளின் கையும் தடித்தது. தொற்று வேறு, நோய் வேறு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நூறாண்டுக்குப் பிறகும் நாம் அதையே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது!

டியூபர்குலின் தோல் பரிசோதனையான மான்டூவைவிட இக்ரா ஒரு விஷயத்தில் மேல்: பிசிஜி தடுப்பூசியில் அந்த இரண்டு புரதங்களும் இல்லை. பிறந்தவுடன் பிசிஜி போடும் நம் நாட்டில் அது லேசான லாபமல்ல. ஆனால் மைட்டோஜன் குழாயைப் பார்க்காமல் முடிவைப் படிக்காதே. எந்த டி செல்லையும் உசுப்ப வேண்டிய அந்தக் குழாயிலேயே சுரப்பு இல்லையென்றால், அந்த ரிப்போர்ட்டை நெகட்டிவ் என்று எழுதக்கூடாது. பரிசோதனை பேசவில்லை என்றே பொருள். சின்னஞ்சிறு குழந்தைகளிடமும், சத்துக்குறைவால் மெலிந்தவர்களிடமும் இப்படி நேரும்.

டி.பி. ரத்தப் பரிசோதனைகளில் 2012-இல் அரசு தடைசெய்தது ஆன்டிபாடி கிட்டுகளை. அதையும் இக்ராவையும் போட்டுக் குழப்பாதே.

நோயை உறுதிசெய்ய வேண்டுமானால் எக்ஸ்ரே எடு, எடை குறைந்திருக்கிறதா என்று பார், இருமலையும் காய்ச்சலையும் விசாரி. குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் இரைப்பை நீரையோ மலத்தையோ கிருமியையே தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கு அனுப்பு. வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டி.பி. என்று உறுதியாகி, ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடலாம். அதற்கு இக்ரா ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.