பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

கேள்வி: 2013-ல் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது, பேட்டரியும் போய்விட்டது. பழைய சாமான் வாங்குபவர் ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். ஒன்பதாவது படிக்கும் தம்பி மகனோ, 'லினக்ஸ் போட்டால் ஓடும் பெரியப்பா' என்கிறான். வீட்டில் நாலு விசைத்தறி இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: பையன் சொல்வதைக் கேளுங்கள். அரசின் அந்த இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான், காக்களூரில். ஆரம்ப வருஷங்களில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. உங்கள் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆகவே அதை விடுவதில் நஷ்டம் இல்லை.

மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் பழைய ஹார்டு டிஸ்க். மகளின் போட்டோக்களை முதலில் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு சின்ன எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். லினக்ஸே போடாவிட்டாலும் அது ஒன்றே வித்தியாசம் காட்டும். ரேமை 4 ஜிபி ஆக்கினால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபியிலேயே விடுவதென்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ். எதுவானாலும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

இத்தனை வருஷம் கிடந்ததால் ஒரு தொல்லை வரலாம். தேதி பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு பிரவுசர் எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லும். லினக்ஸ் மேல் பழி போடாதீர்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றினால் சரி. பெரிய பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள். கரன்ட் போனால் அப்படியே அணைந்துவிடும் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் இணைப்பது நல்லது.

சர்வர் ஆக்கு, சிசிடிவி பதிவு வை என்றெல்லாம் சொல்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதான மெஷினுக்கு ஒரே வேலை கொடுங்கள்: தறிக் கணக்கு. மின்ட்டில் லிப்ரேஆபீஸ் கூடவே வரும். அதன் கால்க்கில் பாவு வந்த தேதி, ஊடை நூல் எடை, நெய்த மீட்டர், மீட்டர் கூலி என்று நாலு பத்தி போட்டால் போதும். ஐந்தாவதில் பெருக்கல் ஃபார்முலா. முதலாளி பாக்கி எவ்வளவு என்று சண்டை வரும்போது தேதியோடு காட்டலாம். தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை சேர்த்துக்கொள்ளுங்கள், தெலுங்கும் கூடவே வைக்கலாம். 1960 வரை உங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது. நகரிப் பக்கத்து வியாபாரிக்குத் தெலுங்கிலேயே சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.

சாயங்காலம் பையனுக்கு. கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்தால் இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். அரசுப் பாடநூல்களின் பிடிஎஃப் இலவசம். பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கும். யூடியூப் மட்டும் திணறும், அதற்கு உங்கள் போன் இருக்கிறது.

கணக்கு நோட்டை உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு மாதம் இரண்டிலும் எழுதுங்கள். சனிக்கிழமை கூலி போட்டதும் ஃபைலைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.