புளியங்கொட்டையும் உணவாகும்

தை கடைசியிலிருந்து பங்குனி வரை அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிகளில் புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுக்கும் வேலை நடைபெறும். புளியை வியாபாரி பேரம் பேசி எடுத்துச் செல்வார். கொட்டையோ களத்து மூலையில் சாக்கில் கிடந்து, கேட்ட விலைக்குப் போய்விடும். புளியம்பழத்தின் எடையில் சதை சுமார் 55 சதம், கொட்டை சுமார் 34 சதம், மீதி ஓடும் நாரும் ஆகும். மூன்றில் ஒரு பங்கை நாம் கணக்கில் வைப்பதே இல்லை.

இந்தக் கொட்டை எங்கே போகிறது? பின்னலாடைக்குப் பாவு கிடையாது. ஆகவே நூலுக்குக் கஞ்சியும் தேவையில்லை. ஆனால் விசைத்தறியில் ஓடும் பாவு நூல் அறுந்துவிடாமலிருக்கக் கஞ்சி போட்டாக வேண்டும். அதற்குப் புளியங்கொட்டை மாவு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. பருப்பில் பாதியளவுக்குக் கூழாகும் பொருள் இருப்பதை 1942-ல் கோஷ், கிருஷ்ணா என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். நூலுக்குப் பசை தரும் அதே பொருள்தான் குழம்பையும் கெட்டியாக்கும். ஜப்பானில் 1960-களிலிருந்தே இதைப் பிரித்தெடுத்துச் சாறு வகைகளிலும் ஐஸ்கிரீமிலும் சேர்த்து வருகிறார்கள்.

கொட்டையை நம்பிச் சமைப்பது புதுமையன்று. நைஜீரியாவில் காட்டு மா எனப்படும் மரத்தின் கொட்டைப் பருப்பை (நம் மாமரத்துக்கு இது உறவல்ல) 'ஒக்போனோ' என்கிறார்கள். அதைக் காயவைத்து அரைத்துக் குழம்பில் கலந்தால் வெண்டைக்காய் போல இழுபடும். பழத்தைவிடப் பருப்புக்கே அங்கு சந்தையில் மதிப்பு. அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. நம் புளியம்பருப்பில் கொழுப்பு குறைவு, புரதம் சுமார் 15 முதல் 20 சதம் வரை உண்டு. பஞ்ச காலத்தில் நம் முன்னோர் இதைத் தின்று பிழைத்திருக்கிறார்கள். வறுத்த கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறையைச் சேர்ந்தவன்தான் இதை எழுதுபவனும்.

ஆனால் பச்சையாகத் தின்னக் கூடாது. கொட்டையின் எடையில் சுமார் 30 சதம் உள்ள செந்தோலில் துவர்ப்புப் பொருள் மிகுதி, வயிற்றைக் கட்டும். பருப்பிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. அது வேகவைத்தால் குறையும்.

முதலில் கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் சொத்தைகளை நீக்கிக் காயவைக்க வேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் மணலுடன் மிதமான தீயில், தோல் வெடிக்கும் வரை மட்டும் வறுக்கவும். கருகினால் கூழாகும் தன்மை போய்விடும். சூடாறியதும் உரலிலிட்டு இடித்து, தோலைப் புடைத்து நீக்கவும். பருப்பை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்துச் சுண்டலாக உண்ணலாம். ஊறிய பருப்பை உலர்த்தி அரைத்தால் மாவு கிடைக்கும். நாலு படி கேழ்வரகு மாவுக்கு அரைப் படி சேர்த்துக் களி கிண்டலாம். அதற்கு மேல் வேண்டாம், களி கரண்டியை விடாது. குழம்பில் சேர்ப்பதானால் பச்சைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதிக்கும் குழம்பில் மாவை நேராகத் தூவினால் உருண்டை உருண்டையாகத் திரளும்.

சிக்கனம் பார்த்து, கஞ்சி போடுமிடங்களிலிருந்து பசை மாவை வாங்கி வந்து சமையலுக்குப் பயன்படுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். அதில் தோலும் பூச்சியும் அரைபட்டிருக்கலாம். கெடாமலிருக்க மருந்தும் கலந்திருக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு இது மருந்து என்று சிலர் சொல்கிறார்கள். எலிகளில் நடந்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்ததாகக் கட்டுரைகள் உள்ளன. மனிதருக்கு அதை நிலைநாட்டப் போதிய ஆய்வு இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு மாவைக் கரைத்துக் குடிக்கலாகாது. சிறு குழந்தைகளுக்கு முழுக் கொட்டை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டுதான் சேமிப்பில் நிலக்கடலைக் காயையும் துளைக்கிறது. விதைக்கென்று வைத்த கடலைக்காய் மூட்டைக்கு அருகிலேயே கொட்டைச் சாக்கைச் சாய்த்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சித்திரையில் புகுந்த வண்டு, ஆடிப் பட்டத்துக்கு மூட்டையை அவிழ்க்கும்போதுதான் தெரியவரும். கொட்டையை நன்கு வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத தகர டின்னில் அடைத்து, கடலைக்காய் இல்லாத வேறு அறையில் வைக்கவும். சாக்கின் மேலும் கொட்டையின் மேலும் காகிதம் போன்ற வெண்ணிறக் கூடுகள் தென்பட்டால் அந்தச் சாக்கை அன்றே வெளியேற்றிவிட வேண்டும்.