ரிமாண்டில் வக்கீலுக்கு வேலையில்லையா?

“ரிமாண்ட்ல நமக்கு என்ன சார் வேலை? உள்ளே போகட்டும், ஜாமீன் போட்டு எடுத்துக்கலாம்.” தூத்துக்குடி நீதிமன்ற வளாகத்தில் கோட்டு இன்னும் வெளுக்காத தம்பிகள் வாரம் தவறாமல் இதைச் சொல்கிறார்கள். சொல்லிக்கொடுத்ததே சீனியர்கள்தான் என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

சாத்தான்குளம் இதே மாவட்டம்தானே, அதற்குள் மறந்தாயிற்றா? 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்தது. மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி மகன் இறந்தார். 23-ஆம் தேதி தந்தை.

எஃப்.ஐ.ஆரில் போட்ட பிரிவுகளைப் பாருங்கள்: 188, 269, 294(பி), 353, 506(2). ஏழாண்டைத் தாண்டிய தண்டனை ஒன்றுக்கும் இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட்டும் கண்ணை மூடிக்கொண்டு காவலில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது 2014-இல். டாக்டரின் தகுதிச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. காகிதம் எல்லாம் இருந்தும் இரண்டு உயிர் போயிற்று. ஜாமீன் மனுவை யாருக்குப் போடுவீர்கள்?

ரிமாண்டுக்குக் கொண்டுவரும் ஆளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். உட்கார முடியாமல் நெளிந்தால் விஷயம் விளங்கிவிடும். காயம் இருந்தால் வாயால் சொன்னதோடு நிற்காமல் மனுவாகவே கொடுத்து, மறு மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். கைதுக் காரணங்களை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். எல்லாக் குற்றங்களுக்கும் அது கட்டாயம். உடனே கொடுக்க முடியாவிட்டாலும் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும், இல்லையேல் கைதே செல்லாது என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு வேலையில்லை என்கிறவர் வேறு தொழில் பார்க்கலாம்.

இதுபோன்ற மற்றத் தவறான நம்பிக்கைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: புதிய சட்டத்தில் போலீஸ் கஸ்டடி 90 நாள்.
உண்மை: மொத்தம் 15 நாள்தான். பி.என்.எஸ்.எஸ். 187-ஆம் பிரிவு, அந்த 15 நாளைப் பிரித்துப் பிரித்து, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் கேட்க இடம் தருகிறது. அதுவே ஆபத்துதான், ஆனால் 90 நாள் என்று கட்சிக்காரரைப் பயமுறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: ஜூனியருக்குச் சம்பளம் கேட்க வழியில்லை.
உண்மை: 2024 ஜூனில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையே விட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ. 20,000, மற்ற ஊர்களில் ரூ. 15,000. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நம்பிக்கை: கப்பல் வழக்கு பெரிய ஊர்க்காரர்கள் வேலை.
உண்மை: துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்த வ.உ.சி.யே ஒரு வக்கீல். அவர் ஊரில் கடல்சார் சட்டம் படிக்க ஆளில்லை என்பது வெட்கக்கேடு. 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தின் விளக்கத்தில் ‘கப்பல்’ என்பதோடு பாய்மரக் கலமும் படகும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணி அதற்குள் வராது என்று யார் சொன்னது? சம்பளப் பாக்கிக்காக மாலுமிக்குக் கலத்தின் மீதே உரிமை உண்டு. அடமானக் கடன்காரர்கூட அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்தில் என்றாலும் ஒப்பந்தத்தையும் சம்பளக் கணக்கையும் திரட்டித் தர இந்த ஊர் வக்கீல்தான் வேண்டும். சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டே ஆண்டு கெடு. தேடி வருகிறவரை அலையவிடாதீர்கள்.