நிலமுடையோர் காலஞ்சென்றபின் செய்யத்தக்கவை

நிலமுடைய குடும்பத்தலைவர் காலஞ்சென்றால், பட்டாவை மூத்த குமாரர் பெயருக்கு மாற்றிவிட்ட அளவில் காரியம் முடிந்ததெனக் குடியானவர்களிற் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பட்டா வருவாய்க் கணக்கேயாகும். அதில் பெயர் ஏறியதனாலேயே ஒருவருக்கு நிலம் சொந்தமாவதுமில்லை. பெயர் விடுபட்டதனால் மற்றொருவர் பாத்தியம் அழிவதுமில்லை.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த ஆடவரின் சுயார்ஜித நிலம், மனைவி, தாயார், குமாரர், குமாரத்திகள் ஆகியோருக்குச் சமபாகமாக இறங்கும். உதாரணமாக, 5 ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவருக்குத் தாயாரும், மனைவியும், இரண்டு குமாரர்களும், மணமாகி வெளியூரில் வாழும் ஒரு குமாரத்தியும் இருப்பின், ஒவ்வொருவர் பாகமும் 1 ஏக்கராகும். பிதிரார்ஜிதத்திலும், 2005-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, குமாரத்திக்குக் குமாரரோடொத்த பிறப்புரிமை உண்டு.

உயில் இருப்பின், எழுதியவர் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் அதில் இருத்தல் வேண்டும், பதிவு கட்டாயமன்று. உயில் மெய்யானதென்று நீதிமன்றம் அளிக்கும் சான்றே புரோபேட்டு எனப்படும். உயிலை நிறைவேற்றுமாறு அதில் நியமிக்கப்பட்டவருக்கே அது கிடைக்கும். மரணத்திற்குப்பின் 7 நாள் முழுதும் கழியுமுன் வழங்கப்படாது. கிராமத்தில் எழுதப்பட்டு, கிராம நிலத்தை மட்டும் குறித்த உயிலுக்கு இது கட்டாயமன்று. ஆயினும், வாரிசுகளுக்குள் ஐயம் தோன்றுமிடத்து, சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே பெற்றுவைத்தல் நன்று. புரோபேட்டு உயிலின் உண்மையை நிலைநாட்டுமேயன்றி, நிலம் இறந்தவருக்குச் சொந்தமா என்பதைத் தீர்மானியாது.

உயில் இல்லாத குடும்பத்தார் வரிசையாகச் செய்யவேண்டியவை:

1. மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்து, இறப்புச் சான்றிதழ் பெறுக.
2. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்க. பெண்மக்கள் பெயரை மறைக்கலாகாது.
3. பாகத்தை விட்டுக்கொடுக்க விரும்புவோர், வெள்ளைக் காகிதத்தில் கைநாட்டு வைப்பதோடு நில்லாமல், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்க.
4. அதன்பின் பட்டா மாற்றத்திற்கு மனுச் செய்க. பிரிவினை ஆகும்வரை கூட்டுப் பட்டாவே தக்கது.

இறந்தவரின் கடனுக்கு, வாரிசுகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள். ஆகையால், கடனுக்கஞ்சிக் காரியத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

கிராம அதிகாரிகள், விசாரணையின்போது வெளியூரில் வாழும் பெண்மக்களையும் தவறாது விசாரித்தல் வேண்டும். விடுபட்ட வாரிசு ஒருவர் பல வருஷங்களுக்குப்பின் வழக்கிடுவாராயின், நிலத்தைக் கிரயம் வாங்கியவரும் நஷ்டமடைவர். உழுதவர் கைப்பொருள் வழக்கிலே கரையும். துக்கம் ஆறியவுடன் ஒரு நாள் எல்லோரும் கூடியிருந்து பேசித் தீர்ப்பதே குடும்பத்திற்கும் நிலத்திற்கும் நலமாம்.