கிண்ணமா, தொட்டியா?

மும்பை தாராவியில் எங்கள் எழுத்தறிவு வகுப்பு இரவு 8 மணிக்குத் தொடங்கும். இட்லி விற்கும் அக்கா ஒருவர் வகுப்புக்கு வருவார். அதிகாலை 4 மணிக்கே அவர் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். ஆனாலும் வகுப்புக்குத் தவறாமல் வந்துவிடுவார். ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?"

"ரெண்டு மீனும் செத்துப் போச்சு தம்பி. பாப்பா காலையில இருந்து அழுதுக்கிட்டே இருக்கா."

மகளின் பிறந்த நாளுக்கு அக்கா ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினார். இரண்டு தங்க மீன்களும் வாங்கினார். மொத்தம் 350 ரூபாய். கிண்ணம் அழகாக இருக்கட்டும் என்று கழுத்து வரை தண்ணீர் ஊற்றினார்.

நான்காம் நாள் மீன்கள் மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று அக்கா இன்னும் தீனி போட்டார். தண்ணீர் கலங்கியது. எல்லாத் தண்ணீரையும் கொட்டினார். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றினார். மறுநாள் காலையில் இரண்டும் மிதந்தன.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார் அக்கா.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமா குர்லாவில் மீன் தொட்டி ஒட்டும் கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை வகுப்பில் எல்லோருமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பாடம்தான் இது.

மீனுக்கும் மூச்சு உண்டு

நாம் காற்றில் உள்ள ஆக்சிஜனை மூச்சாக இழுக்கிறோம். மீன் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைச் செவுள் வழியாக எடுக்கிறது. அந்த ஆக்சிஜன் தண்ணீருக்குள் எப்படி வருகிறது? காற்று படுகிற மேல்பரப்பு வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. மேல்பரப்பு அகலமாக இருந்தால் அதிகம் கரையும். குறுகலாக இருந்தால் குறைவாகக் கரையும்.

அக்காவின் மீன்கள் பசியால் வாயைத் திறக்கவில்லை. அவற்றுக்கு மூச்சு முட்டியது. மேலே உள்ள தண்ணீரில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தது. அதைத் தேடி வந்தன.

தோசைக் கணக்கு

அக்காவின் கிண்ணத்தை அளந்தோம். நடு வயிற்றில் அகலம் 10 அங்குலம். கழுத்தில் அகலம் 5 அங்குலம். கழுத்து வரை ஊற்றினால் மேல்பரப்பு எவ்வளவு குறையும்?

"பாதி" என்றார்கள் எல்லோரும்.

அக்கா மட்டும் தலையை ஆட்டினார். "இல்லை. 10 அங்குலத் தோசை ஒண்ணு ஊத்துற மாவுல 5 அங்குலத் தோசை நாலு வரும். நான் தினம் ஊத்துறேனே!"

அவர் சொன்னதே சரி. வட்டத்தின் அகலம் பாதியானால் பரப்பு கால் பங்கு ஆகிவிடும். அதே கிண்ணத்தில் பாதி அளவு தண்ணீர் விட்டிருந்தால் மேல்பரப்பு நான்கு மடங்கு இருந்திருக்கும். ஆனால் தண்ணீர் அளவு பாதியாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் உருண்டைக் கிண்ணம் மீனுக்கு நல்ல வீடு அல்ல. இத்தாலி நாட்டின் ரோம் நகரில் 2005-ஆம் ஆண்டு உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்க்கத் தடையே போட்டார்கள்.

"அப்போ கடையில சின்னக் குப்பியில சண்டை மீன் வச்சிருக்காங்களே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஃபைட்டர் என்று சொல்கிற சண்டை மீன் மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கி மூச்சு விடும். அதனால் குப்பியில் உயிர் தரிக்கிறது. ஆனால் அதன் கழிவும் அந்தக் குப்பியிலேயே சேர்கிறது. அதற்கும் தொட்டிதான் நல்லது.

நெட்டைத் தொட்டி, நீளத் தொட்டி

இப்போது இரண்டு தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. மற்றொன்று நீளம் 30, அகலம் 30, உயரம் 60. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் மேல்பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்.

60 × 30 = 1800
30 × 30 = 900

நீளத் தொட்டியின் மேல்பரப்பு நெட்டைத் தொட்டியைப் போல் இரண்டு மடங்கு. மீன் நீந்துவதும் பக்கவாட்டில்தான். ஏறி இறங்க அதற்கு மாடி வேண்டியதில்லை. ஏஞ்சல் மீன் மட்டும் விலக்கு. அதன் உடல் தட்டையாக, உயரமாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் உயரமான தொட்டி வேண்டும்.

நெட்டைத் தொட்டியில் வேறு தொல்லையும் உண்டு. கழுவும்போது தோள் வரை கையை விட வேண்டும். ஆழம் கூடினால் அடியில் தண்ணீரின் அழுத்தமும் கூடும். கண்ணாடி தடிமனாக வேண்டும். காசும் கூடும். ஆறு பட்டைத் தொட்டி, வளைந்த தொட்டி எல்லாம் பார்க்க அழகுதான். மாமா அவற்றையும் ஒட்டி விற்கிறார். தன் வீட்டில் வைத்திருப்பது என்னவோ நீளத் தொட்டி!

எத்தனை லிட்டர்?

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. கணக்கில் அளக்க வேண்டும். மூன்றையும் பெருக்க வேண்டும். வருவதை 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

60 × 30 × 30 = 54,000
54,000 ÷ 1000 = 54 லிட்டர்

விளிம்பு வரை யாரும் ஊற்ற மாட்டோம். மேலே 5 செ.மீ. விட்டால் 45 லிட்டர்.

இந்த எண் எதற்கு? மீன் கழிவு விடும். அதில் அம்மோனியா என்ற நஞ்சு உண்டு. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே நஞ்சு வரும். கொஞ்சம் தண்ணீரில் அது சீக்கிரம் ஏறிவிடும். நிறையத் தண்ணீரில் மெதுவாக ஏறும். நமக்கும் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மே மாதத்தில் நம் தகரக் கூரை எப்படிக் காயும்? கிண்ணத்துத் தண்ணீர் மதியத்துக்குள் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும். அதனால் சின்னது வளர்ப்பது சுலபம் என்று நினைப்பது தவறு. சின்னதுதான் கஷ்டம்.

சிறு மீனுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. மீனின் நீளம் ஓர் அங்குலத்துக்கு 4 லிட்டர் தண்ணீர். கடையில் பார்க்கும் குஞ்சின் நீளம் அல்ல, அது வளர்ந்த பிறகு இருக்கும் நீளம். கப்பி மீன் 2 அங்குலம் வரை வளரும். ஒரு கப்பிக்கு 8 லிட்டர். 45 லிட்டரில் ஐந்து கப்பி விடலாம். தங்க மீனுக்கு இந்தக் கணக்கு போதாது. அது நம் கை நீளத்துக்கு வளரும். கழிவும் அதிகம் விடும். அதற்கு இரண்டு அடித் தொட்டியும் சிறியதே.

தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நெருக்கடியில் மீன் குன்றிப் போகும், நோய்ப்படும், சீக்கிரம் சாகும்.

பலகைத் தளம் தாங்குமா?

இதைக் கவனமாகப் படியுங்கள். இது மீனைப் பற்றியது அல்ல. நம் உயிரைப் பற்றியது.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. 45 லிட்டர் என்றால் 45 கிலோ. கண்ணாடி சுமார் 9 கிலோ. அடியில் போடும் கல் 6 கிலோ. கூட்டினால் 60 கிலோ. ஓர் ஆள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பது போல.

அக்காவுக்கு மூன்று அடித் தொட்டி மேல் ஆசை. 90 × 45 × 45 பெருக்கினோம். 182 லிட்டர் வந்தது. கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். 50 கிலோ அரிசி மூட்டை நான்கு! அக்கா அதை மேல்மாடியில் வைக்க நினைத்தார். அவர் வீட்டு மேல்மாடி என்பது இரும்புச் சட்டத்தில் அடித்த பலகை. கீழே பிள்ளைகள் படுக்கிறார்கள்.

கணக்கு முடிந்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கீழேயே வச்சுக்கலாம்" என்றார்.

எந்தத் தொட்டியானாலும் தரைத்தளத்தில், உறுதியான கல் மேடையில் வையுங்கள். மேடை சமமாக இருக்க வேண்டும். அடியில் அரை அங்குலத் தெர்மோகோல் விரியுங்கள். இல்லாவிட்டால் சிறு கல் உறுத்தினாலும் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீரோடு தொட்டியை ஒருபோதும் தூக்கக் கூடாது.

நாடா பிடித்து அளந்தோம்

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறைதான். வெயில் விழும் இடத்தில் தொட்டி வைத்தால் பாசி பிடிக்கும். அடுப்புப் பக்கம் புகையும் சூடும். மின்சாரப் பெட்டிக்குக் கீழே வைக்கவே கூடாது. கடைசியில் கடப்பா கல் மேடையில் ஒரு மூலை மிஞ்சியது. பாப்பா நாடாவின் ஒரு முனையைப் பிடித்தாள். அக்கா எண்ணைப் படித்தார். 22 அங்குலம். இரண்டு அடி என்றால் 24 அங்குலம். அந்தத் தொட்டி அங்கே உட்காராது.

அடுத்தது தண்ணீர். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். எல்லாத் தண்ணீரையும் மாற்றக் கூடாது. தொட்டியின் கல்லிலும் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள் வளரும். அவை கழிவின் நஞ்சை முறிக்கும். அவை வளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களே விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அக்கா வீட்டில் குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஒவ்வொரு குடமும் எண்ணித்தான் செலவாகும்.

"வாரத்துக்கு அரை வாளி மீனுக்குக் கொடுக்கலாம். அதுக்கு மேல முடியாது" என்றார் அக்கா.

அரை வாளி சுமார் 10 லிட்டர். அது கால் பங்கு என்றால் தொட்டியில் 40 லிட்டர் இருக்கலாம். 20 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் என்று முடிவு செய்தோம். செ.மீ. கணக்கில் 50, 30, 30. மேலே 5 செ.மீ. விட்டால் 50 × 30 × 25. அதாவது 37 லிட்டர், அதற்கு மேல் அரை லிட்டர். பக்கத்தில் குழாய் போக 2 அங்குலமும் மிஞ்சியது.

அக்கா அந்த அளவைத் தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதினார். கடைக்கு அவரே கொண்டு போனார். என் மாமா அன்று கடையில் இல்லை. வேறொருவர், "நாலு அங்குலம்தானே அம்மா, ரெடியா இருக்கிற ரெண்டு அடித் தொட்டியை எடுத்துட்டுப் போங்க" என்றாராம்.

"சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதை ஒட்டிக் கொடுங்க" என்றாராம் அக்கா.

தொட்டி வந்ததும் இரண்டு நாள் வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். கசியவில்லை. பிறகுதான் மேடையில் வைத்தார்கள். முதலில் இரண்டு கப்பி. ஒன்றரை மாதம் கழித்து இன்னும் இரண்டு. நான்குமே ஆண் மீன்கள். பெண்ணும் சேர்ந்தால் மாதந்தோறும் குட்டி போட்டுத் தொட்டியை நிறைத்துவிடும். மாற்றிய பழைய தண்ணீர் டப்பாவில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு தொட்டியின் நீளம் 40 செ.மீ., அகலம் 25 செ.மீ., உயரம் 30 செ.மீ. மேலே 5 செ.மீ. விட்டு ஊற்றினால் எத்தனை லிட்டர்? அந்தத் தண்ணீரின் எடை எத்தனை கிலோ?

2. அந்தத் தொட்டியில் எத்தனை கப்பி மீன்கள் விடலாம்?

3. உங்கள் வீட்டில் தொட்டி வைக்க ஓர் இடம் பாருங்கள். நாடா வைத்து அளந்து அளவை இங்கே எழுதுங்கள்.

நீளம் ........ அகலம் ........

வாரம் எத்தனை லிட்டர் தண்ணீர் கொடுக்க முடியும்? ........