உயர் அழுத்த மின்பாதை வருமுன் உழவர் அறிய வேண்டியவை

அனல் மின் நிலையமோ, பெரிய அணையோ, சுரங்கமோ அமைவதாக இருந்தால் அதனால் சுற்றுப்புறத்திற்கு என்ன கேடு நேரும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்தாக வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் அவ்வூர் மக்களைக் கூட்டி அவர்கள் கருத்தையும் கேட்டாக வேண்டும். 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதைக் கட்டாயமாக்கியது. ஆனால், அந்த அறிவிக்கையின் அட்டவணையில் மின்பாதைகள் சேர்க்கப்படவில்லை. நூற்றுக்கணக்கான கிராமங்களின் வயல்களைத் தாண்டிச் செல்லும் உயர் அழுத்த மின்பாதைக்கு அந்த அறிவிக்கையின்படி அனுமதியும் வேண்டியதில்லை; கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டியதில்லை.

இதை அறியாத உழவர்கள் ஏராளம். அதிகாரிகள் கூட்டம் போடுவார்கள், அப்போது சொல்லிக் கொள்ளலாம் என்று காத்திருப்பவர், வயலில் முளைக்குச்சி அடித்த பிறகே செய்தியை அறிகிறார். அதற்குள் பாதையின் பெரும்பகுதி முடிவாகி விடுகிறது.

ஆய்வு எதைப் பார்க்கிறது?

ஆய்வே நடப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. மின்பாதை அமைக்கும் நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு மூன்று மாற்று வழிகளை வரைபடத்தில் குறித்து, எது ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுக்கும் திட்டங்களில் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரித்து வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பாதை வனத்தின் வழியே செல்வதானால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும். வெட்டும் மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் காடு வளர்க்கவும், வனத்தின் மதிப்பைக் கட்டவும் வேண்டும். சரணாலயம், ஊர்க் குடியிருப்பு, தொல்பொருள் சின்னங்கள் ஆகியவற்றை விட்டு விலகியே பாதை வரையப்படுகிறது.

இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் காட்டை விலக்கி, ஊரை விலக்கி, கோயிலை விலக்கினால் மிஞ்சுவது பட்டா நிலம்தான். நூறு தென்னை நிற்கும் தோப்பு சட்டத்தின் கணக்கில் வனம் ஆகாது. கம்பிக்கு அடியில் தொடர்ந்து பயிர் செய்யலாம் என்ற காரணத்தால், விளைநிலத்திற்குப் பெரிய பாதிப்பில்லை என்று அறிக்கையில் எழுதுவதும் எளிதாகி விடுகிறது. மானாவாரிச் சோளக்காட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தென்னந்தோப்புக்குச் சற்றும் பொருந்தாது.

இந்தக் குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்திலிருந்து மின்னசோட்டா மாநிலத்திற்கு 400 கிலோவோல்ட் நேர்திசை மின்பாதை ஒன்று 1970-களில் அமைக்கப்பட்டது. அங்கே கூட்டங்கள் நடத்திக் கருத்தும் கேட்டார்கள். ஆயினும் பாதை பண்ணை நிலங்களின் மேல் வந்து விழுந்தது. விவசாயிகள் சர்வேயர்களை மறித்தனர். 1978-இல் போலீஸ் காவலுடன் வேலை நடந்தது. கோபுரங்கள் சில இரவோடு இரவாகச் சாய்க்கப்பட்டன. இப்போராட்டத்தின் நடுவே 1977-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பெரிய மின்பாதை நிலத்தின் மேல் வந்தால், பாதைக்குரிய பட்டையை மட்டுமின்றித் தன் நிலம் முழுவதையுமே வாங்கிக்கொள்ளும்படி நிறுவனத்தைக் கேட்கும் உரிமையை அது உழவருக்கு அளித்தது. இந்தியாவில் அத்தகைய உரிமை கிடையாது.

கொங்கு நாட்டுப் படிப்பினை

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசை மின்பாதை அமைக்கப்பட்டது. நீளம் சுமார் 1,800 கிலோமீட்டர். 6,000 மெகாவாட் மின்சாரம் கொண்டு வரக் கூடியது. கொங்கு மாவட்டங்களின் உழவர்கள் 2018 டிசம்பரில் காத்திருப்புப் போராட்டத்திலும் உண்ணாவிரதத்திலும் இறங்கினர். சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிள் பதியுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

அவர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள் என்பதைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். மத்திய வனத்துறை அமைச்சகத்தின் அளவுகோல்படி மின்பாதைக்கு விட வேண்டிய அகலம் 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர், 220-க்கு 35 மீட்டர், 400-க்கு 46 மீட்டர். 800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதைக்கு 69 மீட்டர். இரண்டு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர். அதன் நடுவே இந்தப் பாதை சென்றால் 90-ஐ 69-ஆல் பெருக்க 6,210 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர், பாதைக்குள் அடங்கி விடும். இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது தென்னை என்று கொண்டால், நூற்றைந்து மரங்கள் வெட்டப்படும். திரும்ப வைக்கவும் இயலாது. நிலத்தில் ஒரு கோபுரம்கூட நடப்படாமலே இவ்வளவும் நேரும். பட்டா மட்டும் உழவர் பெயரிலேயே இருக்கும். நிலவரியையும் அவரே கட்டுவார்.

பூமிக்கடியில் பதிக்க முடியாதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட் நேர்திசைப் பாதையில், கேரளப் பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் கேபிளாகவே பதிக்கப்பட்டுள்ளது. இத்திட்டம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே முடியவே முடியாது என்பது சரியன்று. அதே சமயம், மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தூரம் கேபிளில் கொண்டு செல்வது கடினம். கேபிளே மின்னை உறிஞ்சித் தேக்கிக் கொள்வதால் கடைசியில் பயன்படும் மின்சாரம் குறைந்து போகும். நேர்திசை மின்சாரத்திற்கு இத்தடை இல்லை. ஆனால் அழுத்தம் கூடக் கூடச் செலவு பல மடங்காகும். கேபிள் புதைத்த பட்டையின் மேலும் ஆழ வேர் விடும் மரங்களை வைக்கலாகாது. முழுப் பாதைக்கும் கேபிள் கேட்பதைவிட, தோப்புகளும் சிறு காணிகளும் நெருங்கியுள்ள சில கிலோமீட்டருக்கு மட்டும் கேட்பது வலுவான வாதமாகும்.

பாதையை மாற்றக்கூடிய காலம்

மின்பாதை வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில் வரைபடத்தில் வழி தேர்வாகிறது. அடுத்து சர்வேயர்கள் நடந்து பார்க்கிறார்கள். பிறகு விரிவான அளவெடுப்பு, கோபுரம் நிற்க வேண்டிய இடங்களைக் குறித்தல், கடைசியாகச் சரிபார்ப்பு அளவெடுப்பு. இதன் பின்னரே அஸ்திவாரக் குழி. பாதை திரும்பும் இடங்களில் மூலைக் கோபுரம் நிற்கும். இரு மூலைக் கோபுரங்களுக்கு இடையே பாதை நேர்கோடாகவே செல்லும். ஆகவே ஒரு வயலில் பத்தடி தள்ளிப் போடுங்கள் என்று கேட்டால் நடக்காது. மூலைக் கோபுரத்தின் இடத்தையே மாற்றக் கேட்க வேண்டும். அது பல உழவர்களைப் பாதிக்கும் ஆதலால் ஊர் ஒன்றுகூடிப் பேசி, மாற்று வழியை வரைபடத்துடன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் தோட்டத்திலிருந்து பக்கத்துக் காட்டுக்குத் தள்ளிவிடும் மனுக்களால் பங்காளிச் சண்டைதான் மிஞ்சும்.

பாதை செல்லும் வட்டங்கள், கிராமங்களின் பெயர்களுடன் நாளிதழ்களில் விளம்பரம் வெளியிடப்படுகிறது. ஆட்சேபணை கூறக் காலக்கெடுவும் அதில் இருக்கும். எழுத்து சிறியதாக, பக்கத்தின் ஒரு மூலையில் வரும் இந்த விளம்பரம்தான் உழவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. கெடுவுக்குள் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கலெக்டருக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது.

மனுவில் கோபத்தைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம். சர்வே எண், பரப்பு, கிணறு, ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார் அறை, நீர்க்குழாய் செல்லும் வழி, மரங்களின் எண்ணிக்கையும் வயதும், களம், தொழுவம் எல்லாவற்றையும் குறித்து ஒரு படம் போட வேண்டும். அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிப் பார்ப்பது மிக அவசியம். இருபது வயதுத் தென்னை நிற்கும் நிலம் அடங்கலில் தரிசு என்றோ கடலை என்றோ பதிவாகியிருந்தால் அதனை உடனே திருத்திக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுக் கணக்கு பதிவேட்டைப் பார்த்தே தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, பழைய 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்பாதை நிறுவனங்களுக்கு வழங்க வகை செய்கிறது. அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்திற்கு நில உரிமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்கினாலும், மின்பாதைக்கு அதன் மூன்றாம் பாகம் செல்லும் என்று தனியே சொல்லியிருக்கிறது.

அதே தந்திச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, முடிந்தவரை குறைந்த சேதமே செய்ய வேண்டும், செய்த சேதத்திற்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உழவர் வேலையைத் தடுத்தால் நிறுவனம் கலெக்டரிடம் ஆணை பெறலாம். கொடுத்த தொகை போதாது எனில் உழவர் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். நிலமதிப்புக் குறைவைக் கணக்கிடும்போது நிலம் அமைந்துள்ள இடம், கம்பியின் தூரம், சிறு காணியின் மேல் செல்கிறதா, பெரிய நிலத்தின் நடுவே செல்கிறதா என்பனவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறு விவசாயிக்கு இது பெரிய பிடிமானம்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறை கோபுர அடிநிலத்திற்கு நிலமதிப்பில் 85 சதவீதமும், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024 ஜூனில் அது திருத்தப்பட்டு, அடிநிலத்திற்கு நிலமதிப்பைப் போல் இரு மடங்கு, கிராமப்புறப் பாதைப் பட்டைக்கு 30 சதவீதம் என உயர்ந்தது. பயிருக்கும் மரத்திற்கும் தருவது இதற்கு மேல் தனி. மாநில அரசின் ஆணையைப் பொறுத்து விகிதம் மாறலாம் ஆதலால், எந்த ஆணைப்படி தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அடிநிலத்தை அளக்கையில் கவனம் வேண்டும். புதிய நெறிமுறைப்படி நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். கால்களின் இடைவெளி 12 மீட்டர் என்றால் 14-க்கு 14 கணக்கில் 196 சதுர மீட்டர், ஏறக்குறைய ஐந்து சென்ட் வரும். 12-க்கு 12 என்று அளந்தால் மூன்றரை சென்ட்தான்.

வேலை நடக்கும்போதும் பின்னரும்

அஸ்திவாரம், கோபுரம் நிறுத்தல், கம்பி இழுத்தல் என்று மூன்று முறை வயலுக்குள் ஆட்களும் வண்டிகளும் வருவார்கள். மூன்று முறையும் பயிர்ச் சேதத்தைத் தனித்தனியே குறிக்கச் சொல்ல வேண்டும். குழி தோண்டும்போது மேல் மண்ணை ஒரு புறமும், அடியிலிருந்து வரும் சுக்கான் மண்ணைத் தனியாகவும் கொட்டச் செய்ய வேண்டும். சுக்கானை வயலில் பரப்பிவிட்டால் எத்தனை வண்டி எரு அடித்தாலும் அந்த இடம் தேற நாளாகும். கரிசல் ஈரமாக இருக்கையில் கிரேன் இறங்கினால் மண் கல்லாக இறுகும். உளிக்கலப்பை ஓட்டித் தரும் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். உடைத்த வரப்பையும் வாய்க்காலையும் சரிசெய்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டும்.

கம்பிக்கு அடியில் நெல், மஞ்சள், கடலை, காய்கறி பயிரிடலாம். நீண்ட அலுமினியக் குழாயைச் செங்குத்தாகத் தூக்குவதும், ரிக் லாரியின் கோபுரத்தை நிமிர்த்துவதும் உயிருக்கு ஆபத்து. கரும்புச் சோகையைக் கம்பிக்கு அடியில் கொளுத்தலாகாது; புகையும் தீயும் மின்சாரம் தாவ வழி செய்யும். வைக்கோல் போரையும் தள்ளியே போட வேண்டும். மாறுதிசைப் பாதைக்கு இணையாக நீண்ட கம்பி வேலி இருந்தால் அதில் மின் ஏறும். ஆங்காங்கே தரையில் இரும்புக் கம்பி அடித்து வேலியுடன் இணைத்துவிட்டால் ‘சுரீர்’ என்று இழுப்பது நிற்கும்.

நோய் வருமா என்ற அச்சம் ஊர்களில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, மாறுதிசை மின்பாதையைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தை, புற்றுநோய் தர இடமிருக்கலாம் என்ற பிரிவில் 2002-இல் சேர்த்தது. நிரூபணமானது என்று கூறவில்லை. நேர்திசைப் பாதையின் புலத்தைப் பற்றி முடிவு கூறச் சான்று போதாது என்றது. புலத்தின் வலிமை தூரம் கூடக் கூட விரைவாகக் குறையும் ஆதலால் வீட்டையும் தொழுவத்தையும் பாதைப் பட்டைக்கு வெளியே நன்கு தள்ளி அமைப்பது போதுமான முன்னெச்சரிக்கை.

பாதை அமைந்து முடிந்த பின்னரும் ஒரு வழி மிச்சமுண்டு. நிலத்தை வேறு வகையில் பயன்படுத்த உழவர் விரும்பி, அதற்குப் பாதை இடையூறாக இருந்தால், தந்திச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி அதை மாற்றி அமைக்கக் கோரலாம். நிறுவனம் மறுத்தால் கலெக்டரிடம் மனுச் செய்யலாம். முன்பே இழப்பீடு பெற்றவர், மாற்றும் செலவையோ பெற்ற தொகையில் பாதியையோ, எது குறைவோ அதனைக் கட்ட வேண்டும். இழப்பீட்டு ரசீதையும், அளவெடுத்த படத்தையும், அனுப்பிய மனுக்களின் நகலையும் பட்டா, கிரயப் பத்திரத்துடன் சேர்த்து வைத்தால் அப்போது கைகொடுக்கும்.